மாலை கழற்றும் நாள்

கார்த்திகை பிறந்தால் என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, சைவச் சாப்பாடு. சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எங்கள் ஊர் தெல்தோட்டையே அவரைச் ‘சாமி’ என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தையில் மாலையைக் கழற்றினால் அன்று மத்தியானமே சாமி மலையேறிவிடும். கூட்டாளி யுகேஷ் வாடகைக்கு ஓட்டும் த்ரீவீலுக்குள் போத்தல் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு அடுத்த கார்த்திகை வரைக்கும் என் பாடு திண்டாட்டம்தான்.

இந்தத் தையிலும் அதே கூத்து என்றால், கண்டியில் அறை எடுத்துத் தனியாக இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். அறைகூடப் பார்த்து வைத்தாயிற்று.

நான் கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். புருஷனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதா என்று எத்தனையோ பெண்கள் கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புகிற என் மனதிலும் அதே கேள்விதான். ஒருநாள் வெட்கத்தை விட்டு, என்னோடு வேலை செய்யும் நடாஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எங்க மாமா லோரன்ஸ் போற கூட்டம் ஒன்னு இருக்கு, யசோதினி. ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் பின்னால உள்ள மண்டபத்துல. குடிய விட்டவங்களே நடத்துறாங்க. வீட்டு ஆளுங்களும் போய் உக்காரலாம்” என்றாள்.

இவரிடம் சொன்னதும் எகிறினார். “மாலை போட்ட சாமி சர்ச்சுக்குப் போறதா? அதோட நான்தான் இப்ப குடிக்கவே இல்லயே!”

“வந்து பாருங்க சாமி. புடிக்கலன்னா டீயக் குடிச்சிட்டு வந்துருவோம்” என்றேன்.

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்கள். இவர் முறை வந்தபோது கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் குடிக்கிறதில்ல. மாலை போட்டிருக்கேன்” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

லோரன்ஸ் ஐயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “நான் வருஷா வருஷம் தவக்காலத்துல குடிய விட்டேன் தம்பி. பெரிய வெள்ளிக்குச் சிலுவை தூக்குவேன். ஈஸ்டர் பூசை முடிஞ்சு பாதர் வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் கடையில நிப்பேன். ஆண்டவர் உயிர்த்தெழுவாரு, நான் விழுந்து கெடப்பேன். நீங்க எப்ப கழட்டுறீங்க?”

இவர் ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. “பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயிறு.”

“அன்னைக்கும் கூட்டம் இருக்கு” என்றார் ஐயா. அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை புத்தி சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆனால் அடுத்தடுத்த ஞாயிறுகளில் இவரே என்னைக் கிளப்பினார். வாய் திறந்து ஒன்றும் பேசமாட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஞாயிறும் வந்தது. எனக்குக் கடையில் அரைநாள் வேலை. இவர் தெல்தோட்டைக் கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. மண்டபத்து வாசலில் நின்றேன். வழக்கமான பஸ் வந்து நேரமாகியும் ஆளைக் காணவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. கூட்டம் தொடங்கிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, அறையை வாடகைக்குத் தருகிற அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இவர் உள்ளே வந்தார். அதே கறுப்பு வேட்டி, காலில் செருப்பில்லை, கழுத்தில் மாலை. பக்கத்தில் உட்கார்ந்ததும், பழக்கதோஷம், மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். திருநீற்று வாசம்தான் வந்தது.

“கழட்டலயா?”

“யுகேஷ் கோயில் வாசல்லயே த்ரீவீலோட நின்னான். அங்க கழட்டினா கால் நேரா அவன்கிட்டதான் போகும். குருசாமிகிட்டச் சொல்லிட்டு, தேயிலைக்குள்ளால எறங்கி அடுத்த பஸ்ஸப் புடிச்சேன்.”

வெளியே மாமரத்தடிக்குப் போய்ச் சரணம் சொல்லி மாலையைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தார். குருசாமியோ பெற்ற தாயோ கழற்ற வேண்டிய மாலை. ஐயப்பன் கோபித்துக்கொண்டால் என்னிடம் வந்து கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். புதுக் கைலேஞ்சித் துணியில் பொதிந்து பைக்குள் வைத்தேன்.

உள்ளே வந்து இவர் எழுந்து நின்றார். வெறுங்கழுத்தைக் கை தடவிக்கொண்டே இருந்தது.

“என் பேரு இளங்கோ. நான் குடிகாரன். இன்னைக்கு மாலை இல்ல. இன்னும் குடிக்கல.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “வாங்க இளங்கோ” என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

பொழுது சாய்ந்து தெல்தோட்டையில் இறங்கினோம். யுகேஷ் இன்னும் த்ரீவீலோடு நின்றான்.

“என்ன சாமி, கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சுடா” என்றார் இவர். நடையை நிறுத்தவில்லை. பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன்.