அப்பா வாசித்த வாழ்த்து

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அக்காவின் வேலை; கடையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்னால் கவுன்ட்டரில் நின்று, வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டி அழகு பார்ப்பவளுக்குக் கடையில் வைத்த பேர் ரேடியோ. வாய் ஓயாது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாள். ஒருத்தி வாயில்லாப் பூச்சி, இன்னொருத்தி ஓட்டைவாய். இருந்தும் மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே டப்பாவில்தான்.

போன வருடம் அக்காவின் மார்பில் கட்டி வந்தது, புற்றுக்கட்டி. அது ரேடியோ ஒருத்திக்கு மட்டுமே தெரியும். வீட்டில் அப்பாவிடம் வெளியூரில் பயிற்சி என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தாள். அம்மா போனதும் இதே நோயில்தான். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய அப்பா, அதன்பிறகு வெகுநாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை இன்னொரு தரம் பார்க்க அக்காவுக்குத் தெம்பில்லை.

"என் தலையில அடிச்சுச் சொல்றேன்க்கா, வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் ரேடியோ. திறக்கவும் இல்லை. கட்டியை எடுத்து, சிகிச்சை முடிந்து, அக்கா வேலைக்குத் திரும்பிய பிறகும் மூச்சு விடவில்லை. ஊர் இவளைத் தப்பாக எடைபோட்டிருக்கிறது என்று அக்காவுக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

அக்காவின் பிறந்தநாள் காலையில் அப்பா சாப்பாட்டு மேசையில் போனோடு உட்கார்ந்திருந்தார். ஃபேஸ்புக் அவருக்குப் புதுசு. மகளுக்கு வந்த வாழ்த்துகளைச் செய்தி வாசிப்பவர் மாதிரி சத்தமாக வாசித்தார். அக்கா வேலைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா, உன் ரேடியோ ஒரு கட்டுரையே எழுதியிருக்கா! கேளு. 'என் உடன்பிறவா அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். சிரித்த முகத்தோடு புற்றுநோயை வென்ற...'"

குரல் நின்றது. விரல் மட்டும் திரையை மேலே தள்ளியது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். பச்சை அங்கி. வாய் லேசாகத் திறந்தபடி தூங்குவது அவளேதான். அப்படியொரு படம் எடுத்ததே அவளுக்குத் தெரியாது. கீழே அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். ஒவ்வொருவருக்கும் ரேடியோ பதில் போட்டிருந்தாள்: 'ஆமாங்க, ராத்திரி பகலா நான்தான் கூட இருந்தேன்.'

"அம்மாவுக்கு வந்த அதே நோயா?" என்றார் அப்பா.

"இப்ப ஒண்ணும் இல்லப்பா. சரியாயிடுச்சு."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "ஊரே அழுது முடிச்சிருக்கு. பெத்தவனுக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

கடையில் நுழைந்ததும் எல்லார் பார்வையும் முதலில் அவள் முகத்தில் விழுந்து, பிறகு கீழே இறங்கி, பதறி மேலே ஏறியது. முதலாளி என்றைக்கும் இல்லாமல் நாற்காலி இழுத்துப் போட்டார். ரேடியோ கையில் கேக்கோடு ஓடிவந்தாள்.

"பார்த்தீங்களாக்கா? என்னமா லைக் குவியுது!"

"பின்னால வா" என்றாள் அக்கா.

பின்னறைக் கதவைச் சாத்தினாள். "அப்பா பார்த்துட்டாரு."

ரேடியோவின் முகம் வெளுத்தது. "ஐயோ... அப்பா ஃபேஸ்புக்ல இருக்காரா? சத்தியமா தெரியாதுக்கா. இப்பவே எடுத்துடறேன்."

"அவர் இல்லைன்னா போட்டிருக்கலாமா?"

"நாலு பேருக்குத் தைரியம் வரட்டுமேன்னு... உங்க மேல உள்ள பாசத்துல..."

"நான் தூங்கும்போது எதுக்குப் படம் எடுத்த?"

ரேடியோ கையிலிருந்த கேக்கை லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வாழ்த்துச் சொல்லலை நீ. என் நோயை ஊருக்கெல்லாம் பந்தி வச்சு, உபசரிச்ச நல்ல பேரை நீ வாங்கிக்கிட்ட. உன்னை நம்பித்தானே தூங்கினேன்?"

ரேடியோ அழுதாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. எந்திரத்தை ஓடவிட்டு, காத்திருந்த லென்ஸை எடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் அப்பா சட்டைகூட மாற்றாமல் அதே நாற்காலியில் இருந்தார். "உங்கம்மாவும் இப்படித்தான், நான் தாங்க மாட்டேன்னு முத்தும்வரைக்கும் மறைச்சா. உங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் நான் அவ்வளவு கோழையா பாப்பா?"

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கை வைக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

ரேடியோ பதிவை அழித்தாள். மன்னிப்புக் கேட்டுச் செய்திமேல் செய்தி அனுப்பினாள். அக்கா எதையும் திறக்கவில்லை. கடையில் அவர்களுக்குள் பேச்சு லென்ஸ் பவரோடும் ஃபிரேம் அளவோடும் நின்றுபோனது. டப்பா இரண்டானது.

அடுத்த பரிசோதனைக்கு அப்பா கூடவே வந்தார். டாக்டரிடம் அவர் கேட்ட கேள்விகளில் பாதி அக்கா கேட்கப் பயந்தவை. கட்டி திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னதும், அப்பா மகள் கையை அழுத்திப் பிடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துக் கடை வரிசையில் போய் நின்றார்.

நல்ல சேதி. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பழக்கத்தில் விரல் ரேடியோவின் எண் வரைக்கும் போய்விட்டது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, அப்பா நிற்கும் வரிசையைப் பார்த்து நடந்தாள்.