தெற்குக்குறிச்சிக் கதிரைகள்

2001ஆம் ஆண்டு, லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் நடந்த ஊர் ஒன்றியப் பொதுக்கூட்டத்தில், தெற்குக்குறிச்சிக்காரர் இருந்த கதிரைகள் ஆட்களையும் சுமந்துகொண்டு வடக்குப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தன. ஊரில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்துதான், வடக்கு தெற்கு என்று பிரித்து வைத்திருந்த இரண்டு குறிச்சிகளும் லண்டனுக்கு வந்த பிறகும் பிரிந்தே அமர்ந்தன. வாடகை மண்டபத்தின் நடுவே ஒழுங்கைக்குப் பதிலாக ஒரு நடைபாதை விடப்பட்டது. தலைவரைக் கை தூக்கித்தான் தெரிவு செய்வார்கள். தெற்கில் கைகள் அதிகம் என்பதால் எண்பத்தெட்டு முதல் தலைவர் பாலேந்திராதான். வீட்டுத் தொலைபேசியைக்கூட அவர் "தலைவர் கதைக்கிறன்" என்றுதான் எடுப்பார். அந்தப் பதவி போனால் வேறு என்ன சொல்லி எடுப்பது என்று அவருக்குத் தெரியாது.

கதிரைகள் நகர்ந்ததற்குத் தரைக்குப் பூசிய மெழுகுதான் காரணம் என்று அவர் அறிவித்தார். உண்மைக் காரணம் ஆட்டிறைச்சி. கூட்டம் முடிந்து நடக்கும் விருந்தில் பரிமாறுவதை வடக்குப் பக்கத்தில் தொடங்கச் சொல்வது அவருடைய இராஜதந்திரம். வளைத்துப் பிடிக்கவேண்டியவர்கள் அவர்கள்தானே. சட்டி தெற்குக்கு வரும்போது எலும்பும் குழம்பும் மிஞ்சியிருக்கும்.

"எங்கட சனத்துக்கும் ரெண்டு துண்டு வைச்சால் என்னப்பா?" என்று மனைவி ஜெயகௌரி ஒருமுறை கேட்டார்.

"எங்கட சனம்தானே, எங்கை ஓடப்போகுது?"

ஓடவில்லை. நகர்ந்தது. 2003இல் இரண்டு வரிசைகள் நடைபாதையைத் தாண்டின. அடுத்த ஆண்டு பாலேந்திரா கதிரைக் கால்களைக் கயிற்றால் பிணைத்தார்; அவை கூட்டமாகப் போயின. 2005இல் கதிரைகளைத் தரையோடு முடுக்கியிருந்த மண்டபமொன்றை மோர்டனில் பிடித்தார். அன்று ஒரு கதிரையும் அசையவில்லை. நடைபாதைதான் கம்பளத்தோடு தெற்கே நகர்ந்தது. அதன் ஓரத்தில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கி வழிவிட்டார்கள். போன கம்பளம் திரும்பி வராததால் அந்த மண்டபத்தார் மறுபடி இடம் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் வடக்கின் வேட்பாளராகக் குகநாதன் முளைத்திருந்தார். பாரிஸிலிருந்து வந்து மிச்சம் பகுதியில் பலசரக்குக் கடை போட்டவர்.

"தலைவர், உங்கட பக்கம் இப்ப நல்ல காத்தோட்டம் என்ன?" என்றார் அவர், ஒலிவாங்கியில்.

"பாரிசிலை கோப்பை கழுவினதெல்லாம் எனக்குக் கதை சொல்லுது!"

பாலேந்திராவின் அந்த ஒரு வசனத்துக்கு ஒரு முழு வரிசை நகர்ந்தது. அதில் இருந்தவர்களில் பாதிப்பேர் பாரிஸில் கோப்பை கழுவியவர்கள்.

2007இல் தெற்கில் மிஞ்சியவை இரண்டு கதிரைகள். கை தூக்கும் நேரம் ஜெயகௌரியின் கதிரை புறப்பட்டது. பாலேந்திரா அதன் காலைப் பிடித்துத் தொங்கினார்.

"எங்கையடி போறாய்?"

"நான் எங்கை போறன்? கதிரையெல்லோ போகுது."

"அப்ப எழும்பு!"

"ஏலாதப்பா, முழங்கால் நோகுது. விடுங்கோ, சனம் பாக்குது."

சனம் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தது. குகநாதனுக்காகத் தூக்கிய கைகளில் ஜெயகௌரியுடையதும் ஒன்று. அன்று மாலை இருவரும் ஒரே காரில் ரெய்னர்ஸ் லேனிலிருந்த தங்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் தொலைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அடுத்த ஆண்டு பாலேந்திரா தெற்கில் தனியே இருந்தார். நகரும் என்று பொறுத்துப் பார்த்தார். அவருடைய கதிரை மட்டும் இம்மியும் அசையவில்லை. எட்டி உதைத்தும் பார்த்தார். கடைசியில் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பத்தொன்பது வருடத் தலைமையில் ஒருநாளும் தாண்டியிராத நடைபாதையைத் தாண்டிப்போய், ஜெயகௌரிக்குப் பக்கத்தில் வைத்து, இருந்து, நெற்றியைத் துடைத்தார். அப்போது மண்டபத்திலிருந்த மற்ற எல்லாக் கதிரைகளும், ஜெயகௌரியுடையதும் சேர்ந்து, சத்தமில்லாமல் தெற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தன. யாருடைய தேநீரும் சிந்தவில்லை. குகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி வடக்குக்குறிச்சி என்றால் பாலேந்திரா அண்ணை ஒருவர்தான் என்று அறிவித்தார். ஒருவர் வழிமொழிந்தார். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போயிற்று.