ரப்பர் பேண்ட் போட்ட குப்பி

சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று குப்பிகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மார்க்கர் மை ஸ்பிரிட்டில் கரையும் என்பது லேபில் காலடி வைத்த அன்றே தெரிந்த விஷயம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஜோவிதா, என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று ஆஃபியா கத்தினாள்.

ஒரு குப்பியில் அவளுடைய இருபத்து மூன்றாம் ரசாயனம். இன்னொன்றில் அதைக் கரைக்கும் வெறும் திரவம். இரண்டும் தண்ணீர் மாதிரி. எது எதுவென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

எச்சில் சுரக்கும் செல்லின் சவ்வில் தண்ணீர் வெளியேற ஒரு புரதம் வாசலாக நிற்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு அது குறைந்து வாய் வறண்டுவிடும். ஆஃபியாவின் அம்மா ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். அந்தப் புரதத்தின் ஜீனைத் தட்டி எழுப்பும் ரசாயனத்தைத் தேடித்தான் இவள் இரண்டு வருடமாக மேடவாக்கம் டிராஃபிக்கில் வெந்து தாம்பரம் வருகிறாள். இருபத்திரண்டு தேறவில்லை. இது மட்டும் இரண்டு முறை ஜீனின் வேலையை நாலு மடங்காக்கியது. எங்கள் கைடு ஜெபசீலன் சார் நம்பவில்லை.

"எது மருந்துன்னு உனக்குத் தெரியும்மா. ஆசை கையில இறங்கிடும். மூணாவது தடவையும் வரட்டும். இல்லன்னா வெள்ளிக்கிழமையோட இதை மூடிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ரசாயனம் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். "பாத்துடலாம் வா" என்று குப்பிகளை எடுத்தேன். ஆஃபியா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி. தெரியாமலே போடறேன். அப்ப ஆசை எப்படி இறங்கும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு குப்பியில் மாட்டினேன். இரண்டையும் தனித்தனிச் செல்களுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் கணினித் திரையில், ஜீனின் வேலையை அளக்கும் கோடுகளில், ரப்பர் பேண்ட் குப்பியின் கோடு மற்றதைவிட இரண்டு சுற்று முன்னாலேயே எழுந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு, அப்படியென்றால் நாலு மடங்கு!

"ஐயோ, ஏறிடுச்சுடி!" நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை.

"அது வெறும் திரவமா இருந்தா?"

இருந்தால் இரண்டு வருடமும் பாழ். ஓடிப்போய் சாரைக் கூட்டிவந்தேன். நடந்ததைக் கேட்டவர் என்னைத் திட்டக்கூட மறந்துபோனார்.

"விளக்கை எடும்மா" என்றார்.

ஜன்னல் திரையை அவரே இழுத்துவிட்டார். ஆஃபியாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் கேட்டுச் சைகை செய்தாள். நான் நகரவில்லை. விளக்கு எரிந்தது.

ரப்பர் பேண்டுக்கு மேலும் கீழும் நீலம். யாரும் திரையை விலக்கவில்லை.