சான்ட்ரோவின் கறுப்புக் கண்ணாடி

டிராஃபிக் போலீஸின் பதில் கன்னடத்தில் வந்திருந்தது. எனக்குக் கன்னடம் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. பதினெட்டு வருஷம் ஜோகுபாளையத்தில் குடியிருந்தும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. திருப்பத்தூர் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இருந்துவிட்டேன். ஆகவே கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரெமிஜியஸிடம் போனேன். அவர் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

கேட்டில் சாய்ந்தபடி மனசுக்குள்ளேயே இரண்டு முறை படித்தார்.

"சார், நீங்க மொதல்ல அவங்களுக்கு என்னா எழுதுனீங்க?"

என் கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி இருந்தது. என் மகள் அனுஷாவுக்கு இருபத்தாறு வயது. லூபஸ் என்ற நோய். வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு வரும், பிறகு காய்ச்சல், பிறகு மூட்டு வீக்கம். இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு இந்த மார்ச்சில்தான் பெல்லந்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்குப் போயாக வேண்டும். எங்கள் பழைய சான்ட்ரோ காரில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அதன் கண்ணாடிகளில் முந்தைய சொந்தக்காரர் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் இருப்பதால்தான் அவளால் ஒன்றரை மணி நேர நெரிசலில் உட்கார்ந்து போக முடிகிறது. அது சட்டப்படி கூடாது என்று அறிவேன். நோயை முன்னிட்டு விசேஷ அனுமதி தர வேண்டும். இணைப்பு: டாக்டர் சான்றிதழ், ஆர்.சி. நகல், வண்டியின் புகைப்படங்கள் நான்கு.

"நாலு பக்கமும் போட்டோ வேறயா?" என்றார் ரெமிஜியஸ்.

"ஆதாரம் இல்லாம எப்படி சார் கேக்கறது?"

"திருடன்கூட இவ்ளோ நீட்டா கைரேகை வெக்க மாட்டான் சார்."

பிறகு கடிதத்தைத் தமிழில் சொன்னார். வேண்டுகோளை ஏற்க இடமில்லை. ஃபிலிம், திரை, அட்டை எதுவும் கண்ணாடியில் இருக்கக் கூடாது. ஏழு நாளுக்குள் எல்லாவற்றையும் அகற்றி வண்டியை ஸ்டேஷனில் நேரில் காட்ட வேண்டும்.

"என் வண்டில எட்டு வருஷமா இதே ஃபிலிம்தான். ரெண்டு தடவ புடிச்சாங்க, ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன். உங்கள எப்பனா புடிச்சாங்களா?"

"இல்லை."

"அப்புறம் சும்னே எதுக்கு சார் எழுதுனீங்க?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சிக்னலிலும் வெள்ளைச் சட்டை போலீஸ்காரர் இந்தப் பக்கம் திரும்பினால் நான் சீட்டில் தாழ்ந்து உட்காருவேன். பெண்ணை வேலைக்குக் கூட்டிப்போவதைக் குற்றம் செய்வதுபோலச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விஷயத்தை வரிசையாக, மரியாதையாக, உரிய ஆளுக்கு எழுதினால் நடக்கும் என்று நம்பினேன். தெருவிளக்கும் சாக்கடை அடைப்பும் அப்படித்தான் சரியாயின.

ரெமிஜியஸ் வழி சொன்னார். "கழட்டுங்க, காட்டுங்க, வந்துருங்க. அன்னைக்கு சாயங்காலமே பிரேசர் டவுன்ல நம்ம டிரேவர் கடைல புது ஃபிலிம் ஒட்டிக்கலாம். தினம் உங்க வீட்டு வாசல்ல வந்து பாக்கவா போறாங்க?"

வீட்டில் இதைச் சொன்னதும் அனுஷா என் முகத்தைப் பார்த்தாள். "சரி, அப்படியே செய்வோம்" என்றேன்.

"அம்மா, இங்க வாயேன், அப்பா ஒத்துக்கிட்டாரு!" என்று கத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிக் கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். டிரேவர் கடையிலேயே உரித்துத் தருவார்கள். ஆனாலும் என் கடிதத்தால் வந்த வேலையை நானே செய்வது நியாயம் என்று பட்டது. கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்து, குப்பைக்குப் போடும் கறுப்பு பிளாஸ்டிக் பையை வெட்டி அதன்மேல் ஒட்டி, வெயிலில் அரை மணி விட்டேன். சூட்டில் பசை இளகும் என்றார் ரெமிஜியஸ். அவர் மனைவி பவுலின், தலைமுடி உலர்த்தும் டிரையரை ஜன்னல் வழியாக வயரோடு நீட்டினார்.

உள்ளே உட்கார்ந்து, மூலையில் பிளேடால் நெம்பி, டிரையரைக் காட்டிக்கொண்டே இழுத்தேன். பழைய ஃபிலிம். வெயிலில் ஊதா நிறமாகி, அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தது. முழுசாக வரவில்லை. மேல்தாள் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்து வந்தது. பசை கண்ணாடியிலேயே நின்றது. அதைத் தண்ணீர் அடித்து, சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டினேன். ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"பின்கண்ணாடில பிளேடு வெக்காதீங்க சார். கண்ணாடிய சூடாக்கற அந்த மெல்லிசு கோடுங்க அறுந்துச்சுனா மழைல பனி மூடிக்கும்" என்றார் ரெமிஜியஸ். அதை நகத்தால் உரித்தேன். மூன்று நகம் போயிற்று.

கடைசியாக அனுஷா உட்காரும் பின் இடப்பக்கத்துக் கதவு. அதை உரித்தபோது வெயில் நேராக அவள் இருக்கையில் விழுந்தது. வெயில் படாமலே இருந்த சீட்டின் துணி இன்னும் புதுசுபோலக் கரும்பச்சையாக இருந்தது.

டீ கொண்டுவந்த என் மனைவி மங்களம் அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சாயங்காலமே ஒட்டிடுவாங்கல்ல?" என்றாள்.

"நாளைக்குக் காலைல காட்டிட்டு வந்துடறேன். நாலு மணிக்கு டிரேவர் கடை."

திங்கட்கிழமை பத்தே காலுக்கு ஸ்டேஷனில் இருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார். ஒரு கண்ணாடியை விரலால் தட்டினார். மொத்தம் ஒரு நிமிஷம்.

"ஆயித்து, ஹோகி சார்" என்றார். முடிந்தது, போகச் சொல்கிறார்.

நான் போகவில்லை.

"இன்னேனு?" என்றார், இன்னும் என்ன என்று.

வண்டியைக் காட்டியதற்கு எழுத்தில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். நேரில் காட்ட வேண்டும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு இன்னொருவர் வந்து, நீங்கள் காட்டவே இல்லை என்று சொன்னால் என் கையில் என்ன இருக்கிறது? ஒப்புகை இல்லாமல் நான் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பியதில்லை.

அவர் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். மேஜையில் இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழ் நன்றாகவே பேசினார். "ரசீது வேணுமா? யாரும் கேட்டதில்லியே. சரி, ஃபிலிம் எடுத்தாச்சு, மறுபடி ஒட்ட மாட்டேன்னு எழுதிக் குடுங்க. சீல் போட்டுத் தரேன்."

அந்த இடத்தில் 'வேண்டாம் சார், வருகிறேன்' என்று எழுந்திருக்கலாம். கதவு மூன்று அடி தூரத்தில் திறந்திருந்தது. பையில் வெள்ளைத் தாள் இருந்தது, கார்பன் தாளும் இருந்தது. உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதினேன். 'இனி எக்காலத்திலும்' என்ற பொருளில் ஒரு தொடர் தானாக வந்து விழுந்தது. வாக்கியம் அப்போதுதான் நிறைவாக இருந்தது. அதிகாரி படித்துப் பார்த்து, "கையெழுத்து சூப்பர்" என்றார். இரண்டு பிரதியிலும் சீல் வைத்தார். ஒன்றை ஃபைலில் கோத்தார்.

வீட்டில் அனுஷா வெயில் உள்ளே வராமல் மொட்டை மாடிக் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாள். "முடிஞ்சுதாப்பா? நாலு மணிக்குப் போலாம்ல?"

தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"எக்காலத்திலும்னு அவங்களா போடச் சொன்னாங்க?"

"இல்லை."

"எழுதுனாத்தான் விடுவேன்னாங்களா?"

"போகச் சொல்லிட்டாங்க. நான்தான் ரசீது கேட்டேன்."

சாயங்காலம் ரெமிஜியஸ் வந்தார். "இருந்தா இருக்கட்டும் சார், ஒரு காகிதம். டிரேவர் கடைய தொறந்து வெச்சிக்கினு வெயிட் பண்றான்."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"உங்க கையெழுத்து அவ முகத்தவிடப் பெருசா?" என்றாள் மங்களம். ரெமிஜியஸ் முன்னால் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. பெருசு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்து வண்டிச் சாவியை எடுக்க வேண்டும். ரெமிஜியஸ் டிரேவருக்குப் போன் போட்டுக்கொண்டே போனார்.

மூன்று வாரம் போய் வந்தோம். தலையிலிருந்து மார்பு வரை துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி, முழுக்கை, கையுறை. மாரத்தஹள்ளிப் பாலத்தில் வண்டி நின்றால் வெயில் நிற்காது. சீட்டில் அவள் பக்கமாக ஊர்ந்து வரும், அவள் நகர்ந்துகொண்டே போவாள், எதிர்க் கதவு வரை. எங்கள் முன்னாலும் பின்னாலும் கறுப்புக் கண்ணாடி வண்டிகள் நின்றன. எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒரு நாள் ஒரே சிக்னலில் பதினொன்று.

மூன்றாவது வாரம் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்தது. அப்புறம் கன்னம். வெள்ளிக்கிழமை காய்ச்சல். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டாள். வாரத்தில் மூன்று நாள் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரை போட்ட அறையில் படுத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"ராஜினாமா லெட்டர் அனுப்பணும்பா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் நல்லா வரும்."

குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. களைப்புதான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பேன். அலமாரியிலிருந்து தாளை எடுத்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாருக்குன்னு போடணும்? பேரு, பதவி ரெண்டும் சொல்லு" என்றேன்.

சமையலறையில் மங்களம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அனுஷா கண்ணை மூடிக்கொண்டே தன் மேனேஜரின் பெயரைச் சொன்னாள். வடக்கத்திப் பெயர், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி மறுபடி சொன்னாள். எழுதிக்கொண்டேன்.