கடலுக்குப் பின் சோறு

எங்கள் சபையில் சாட்சி சொல்ல வேண்டுமானால் அதிசயம் நடந்திருக்க வேண்டும். கட்டி கரைந்திருக்கலாம், துபாய் விசா வந்திருக்கலாம். தொண்ணூற்றாறில் மூடிய புருஷனின் மில் இன்னும் திறக்காதபோது எனக்கு அங்கே என்ன வேலை? சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த மில்லில் இருந்தவர்கள். மில் திறக்காததற்கு எங்கள் ஜெபம் போதவில்லை என்று பாஸ்டரம்மா என் காதுபடவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானும் சாட்சி சொல்றேனுங்க பாஸ்டர்" என்றேன்.

"மில்லு தொறக்கட்டும் மெர்சி. அப்பறஞ் சொல்லலாங் கண்ணு."

என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வன் அதற்கும் மேல். "உன்ற சம்பளத்துல உக்காந்து திங்கறேன்னு ஊருக்கே சொல்லப் போறியா?" என்றார். நான் திருப்பூருக்கு பஸ் ஏறிப்போய், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிவிட்டு வந்து உலை வைப்பது அவருக்கு அவமானம். தட்டைப் பார்க்காமலே சாப்பிடுவார்.

பெண்கள் ஞாயிறு வந்தது. நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தை வாசிக்கும் முறை எனக்கு. ஒருவர் ஒரு வரி வாசிக்க, சபை ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று பதில் கொடுக்கும். வழக்கமாகக் கடல் பிளந்து பார்வோன் முழுகியதோடு நிறுத்திவிடுவார்கள். அதிசயம்தான் முடிந்ததே, இனிமேல் காணிக்கை.

நான் நிறுத்தவில்லை. பாஸ்டர் செருமினார். வனாந்தரத்தைத் தாண்டினேன், ராஜாக்களைத் தாண்டினேன். எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறார் என்ற வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பொம்பளைங்க முகாமுல வேதக் கல்லூரி டீச்சர் சொன்னாங்க. அந்தக் காலத்து யூத குருமாருங்க இந்த வரியத்தான் பெருசும்பாங்களாம். கடலப் பொளந்தது ஒரு நாளுங்க, சோறு தெனமும். அதனாலதான் கடலுக்கு அப்பறம் சோத்தச் சொல்லுதாம் சங்கீதம். அதிசயம் நடக்கறவனுக்கே அது அதிசயம்னு தெரியறதில்லைன்னும் சொல்லுவாங்களாம். மில்ல மூடுனதுல இருந்து என்ற ஊட்டுல ஒரு நாளும் அடுப்பு பத்தாம இருந்ததில்லீங்க. இதுதான் என்ற சாட்சி."

சபை பதில் சொல்ல வேண்டிய இடம். எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் தமிழ்ச்செல்வன் எழுந்து நின்றார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அந்தக் கிருபையை ஒற்றை ஆளாக, என்னைப் பார்த்தே சொன்னார். அப்புறம் மில்லுக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடல் பிளந்த வரிக்குக்கூட யாரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. கடைசி வரியை வாசிக்க வாயைத் திறந்தேன். இடம் கொடுத்தால்தானே? மறுபடியும் அதையே சொன்னார்கள், மறுபடியும்.