ஜெயகுமாரின் தாய்வழி

இலங்கை மலையகத்து ஹல்துமுல்லையில் இரும்புக்கடை வைத்திருந்த ஜெயகுமாருக்குத் தம் பூட்டனைப் பற்றிப் பேசாவிட்டால் சோறு இறங்காது. பூட்டன் பெரிய கங்காணி. தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து முந்நூறு பேரைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவர். அந்த முந்நூறு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதை மட்டும் ஜெயகுமார் சொல்வதில்லை. வியாபாரிக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

அப்படிப்பட்டவரின் மகள் தனுஜா, தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் கஜேந்திரனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவனுடைய தாய் கருப்பம்மா கொழுந்து பறிப்பவள். மீரியபெத்த மண்சரிவில் குடியிருந்த லயத்து வீட்டையும் புருஷனையும் பறிகொடுத்தவள்.

"பூர்வீகம் தெரியாத குடும்பம்," என்றார் ஜெயகுமார். "எந்த ஊரு, என்ன வகையறா, ஒரு துண்டுக் காகிதமாச்சும் இருக்கா?"

"இருந்துச்சுப்பா. மண்ணுக்குள்ள போயிருச்சு."

மண்ணுக்குள் போனதையும் அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டார்.

கனடாவில் இருந்த மைத்துனர் வழி காட்டினார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால், தாய், தாயின் தாய் என்று வேர்வரை சொல்லிவிடுவார்களாம். ஜெயகுமார் இரண்டு பெட்டி வரவழைத்தார். ஒன்று தமக்கு, ஒன்று கஜேந்திரனுக்கு. இரண்டு இரத்தமும் வேறு வேறு என்று வெள்ளைக்காரனே எழுதிக் கொடுத்துவிட்டால் மகள் வாயடைத்துப் போவாள் அல்லவா?

"அங்கிள், இது அம்மா வழிய மட்டுந்தான் காட்டும். ஒங்க பூட்டன் இதுல வரமாட்டாரு," என்றான் கஜேந்திரன்.

"அவரு எதுலயும் வருவாரு. நீ வாயத் தெற."

இரண்டு மாதம் கழித்து முடிவு மின்னஞ்சலில் வந்தது. கடையில் வைத்தே தனுஜா வாசித்தாள். பூட்டனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜெயகுமாருக்கும் கஜேந்திரனுக்கும் தாய்வழி மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. இருவரும் ஒரே தாயின் வழிவந்தவர்கள். அந்தத் தாய் சில நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்தாளா, சில ஆயிரம் வருடத்துக்கு முன்னா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜெயகுமார் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் அதுவேதான் வந்தது. பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அப்படின்னா நானும் அவனும் அண்ணன் தம்பி. ஒனக்கு அவன் சித்தப்பா முறை. கட்டக்கூடாது."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த அவர் மனைவி கணக்குப் புத்தகத்தை மூடினாள். "அவனுக்கு அது யாருகிட்ட இருந்து வந்துச்சு? கருப்பம்மாகிட்ட இருந்து. அப்போ அவ ஒங்களுக்குத் தங்கச்சி. தங்கச்சி மகனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு ஊருல எவன் சொல்லுவான்? அவன் மொற மாப்பிள்ளைங்க."

முறை என்று வந்துவிட்டால் ஜெயகுமாரால் மறுக்க முடியாது. அறுபது வருடமாக அதைப் பேசியே பெரிய மனிதர் ஆனவர்.

ஆவணியில் கல்யாணம். பதுளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் அவர் தாமே போய்ச் சொன்னார்: "வெளியில குடுக்கலீங்க. தங்கச்சி மகனுக்குத்தான் குடுக்கிறேன். டெஸ்ட் பண்ணியே பாத்துட்டோம்." இடையில் ஓர் ஆயிரம் வருடம் இருக்கலாம் என்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

கருப்பம்மா வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆணியும் தகரமும் வாங்க அவள் எத்தனையோ முறை அவர் கடைக்கு வந்திருக்கிறாள். ஒருநாளும் அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"அண்ணே," என்றாள். "தங்கச்சி காலையில இருந்து நிக்கிறேன். கால் கடுக்குது. ஒரு கதிரை கொண்டாங்க."

ஜெயகுமார் ஏவுவதற்கு ஆள் தேடினார். எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். தாமே போய்த் தூக்கிவந்து போட்டார்.