முடிவுச் செபம் வீட்டுக்காரிக்கு

...இன்னும் முடித்தபாடில்லை இந்த அருள்நேசன், கடவுளுக்கே பத்திரிகை வாசித்துக் காட்டுகிறார், வெங்காய விலையில் தொடங்கி வெளிநாட்டுச் சண்டை வரைக்கும் வந்துவிட்டது, என்னுடைய மனுசன் ஏர்னெஸ்டின் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை, அவர் சுகப்படத்தானே புதன்கிழமை தோறும் எங்கள் வீட்டு ஹோலில் இந்த உபவாசச் செபம்... காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் இருந்துவிட்டுச் சபையார் பின்னேரம் வந்து வட்டமாக இருப்பார்கள், ஒருவர் மாறி ஒருவர் செபிப்பார்கள், முடிவுச் செபம் வீட்டுக்காரிக்கு, அது முடிந்ததும் உபவாசம் முறிக்க இடியப்பமும் சொதியும் வைப்பதும் வீட்டுக்காரிதான். எழுபத்துமூன்று வயதில் இடியப்ப உரலை நெரித்து நெரித்து வலது தோள்மூட்டு கழன்று விழப்போகிறது, அதற்கு ஒருவரும் செபிப்பதாகக் காணவில்லை. அவர்களுக்கு உபவாசம், எனக்கு உபத்திரவம்... சொதியை இறக்கினேனா? பால் திரைந்துபோனால்? கண்ணைத் திறந்து குசினிப்பக்கம் பார்க்கலாமென்றால் எதிரே தர்ஷிகா, ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, மூடின கண்ணாலேயே ஆளை அளப்பாள். இறக்கினேன், இறக்கியிருப்பேன். போதும் அருள்நேசன், ஆமென் சொல்லும் ஐயா.

அவரை ஏன் திட்டுகிறேன், அவர் முடித்தால் அடுத்தது நான்தானே, முடிக்காமல் இருந்தால் எனக்கல்லவா நல்லது... இன்று காலை ஏர்னெஸ்டைச் சரித்துப் படுத்தி முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று ஆஸ்பத்திரியால் அனுப்பி எவ்வளவு காலம், முதுகு முழுக்கப் புண், மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், "மியூரியல், உவையளை இனி வரவேண்டாமெண்டு சொல்லும்." எனக்குச் சுள்ளென்று வந்தது, உங்களுக்காகத்தானே பட்டினி கிடக்கினம் என்றேன். "அதுதான் சொல்லுறன். ஆளுக்கொரு பக்கம் என்ரை கையைப் பிடிச்சு இழுக்கினம், போக விடுகினமில்லை. எனக்குக் களைச்சுப் போச்சு. நீராவது ஒருக்கா என்னைப் போகவிடச் சொல்லிக் கேளுமன்." பிறகு மெல்ல, "நானும் எத்தினை பேரை உப்பிடி மறிச்சு வச்சிருப்பன்..." ஆர் சொல்கிறது பாருங்கள், வட்டுக்கோட்டையில் மாஸ்ரராகப் படிப்பித்த காலத்தில் ஒரு வருத்தக்காரன் வீட்டையும் விடாமல் சைக்கிளில் போய்க் கட்டில் காலடியில் முழங்காலில் நின்று சுகம் கேட்டுச் செபித்த ஆள். சரி, இண்டைக்குக் கேக்கிறன் என்று சொல்லிப்போட்டேன், புண்ணுக்கு மருந்து போடுகிற அவசரத்தில் சொன்னதில்லை, மனதாரத்தான் சொன்னேன். அவருடைய அறைக்குக் கதவில்லை, துணிதான் தொங்குகிறது, இங்கே தும்மினாலும் அங்கே கேட்கும், இப்போது காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பார். நான் கேட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள்? பாவம், மனுசி பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு என்பார்கள், விசுவாசம் குறைஞ்சு போச்சு என்பார்கள், அடுத்த புதன் என் பெயரையும் சேர்த்துச் செபிப்பார்கள். செபிக்கட்டும்! புண் துடைக்கிறவள் நான், வாசல் வரைக்கும் வந்து "எப்பிடி மாஸ்ரர்" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சுளிக்கிறவர்கள் எனக்கு விசுவாசம் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆமென். அப்பாடா. இப்போது எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், காற்றாடி மட்டும் கிறீச்சிடுகிறது, துணிக்கு அந்தப்பக்கம் ஒரு இருமலும் இல்லை, அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு... சொல்லு மியூரியல், மூன்று சொல்தான், அவரைப் போகவிடும் சுவாமி. "இரக்கமும் உருக்கமும் நிறைந்த பரம பிதாவே," என் குரல்தான், நல்ல எடுப்பாக வருகிறது, ஐம்பது வருசமாக இதே எடுப்பு, "நீர் செய்த சகல நன்மைகளுக்காகவும் நன்றி செலுத்துகிறோம், வியாதிப் படுக்கையில் கிடக்கும் உமது அடியானை நினைத்தருளும்," இதுதான் இடம், இப்போது சொல்லு, "அவரை... அவரை எழுப்பி நடத்தும் சுவாமி, இன்னும் அநேக வருசங்கள் எங்களோடு இருக்கப்பண்ணும்..." ஐயோ, என்ன சொல்கிறேன், நிறுத்து, நிற்கவில்லை, ஓடுகிறது, அருள்நேசன் "ஓம் ஆண்டவரே" என்று முனகுகிறார், ஆரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், ஆமென் என்று நானே முடித்தும்விட்டேன். பாழாய்ப்போன வாய், திறந்துவிட்டால் பழகின பாதையில்தான் போகும். சொதி இறக்கித்தான் இருந்தது, நல்லவேளை.

எல்லோருக்கும் கோப்பையில் இடியப்பம் வைத்துவிட்டு அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கட்டில் ஓரத்தில் இருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லாச் செபிச்சீர்," என்றார், குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், மனுசன் மெய்யாகவே சொன்னார், அதுதான் தாங்கவில்லை. "வாய் பழகிப்போச்சுது இஞ்சாருங்கோ, வாற கிழமை கட்டாயம் கேக்கிறன்." வாய் பழகிப்போச்சுது, ஓம், வேறென்ன, ஐம்பது வருசமாகச் செபித்த வாய்... அந்த நேரம் பார்த்துத் துணியை விலக்கித் தர்ஷிகா தலையை நீட்டுகிறாள், "அன்ரி, வாற புதனும் இஞ்சைதானே? எல்லாரும் கேக்கினம்." இதைவிட லேசான இடம் கிடைக்குமா, இனி வேண்டாம் பிள்ளை, அவ்வளவுதானே, செபமா, எடுப்பா, பழகின பாதையா, ஒன்றும் இல்லை. "ஓம் பிள்ளை, வாங்கோ, எல்லாரும் வாங்கோ." அவள் போய்விட்டாள். இந்த ஓமுக்கு எந்த வாயைக் குறைசொல்ல... கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் கொடுக்க ஒரு கைதான் இருந்தது, மற்றக் கை எப்போது போய் அவருடைய கையைப் பிடித்தது என்று தெரியவில்லை. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தேன். அவர் கையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.